ஓர்கா தேடிக் கடலுக்குப் போகுமுன்: அக்கராயன் குடும்பங்களுக்கு 20 குறிப்புகள்

குளத்தையும் வயலையும் பார்த்து வளரும் அக்கராயன் பிள்ளைகள், கைத்தொலைபேசியில் ஓர்காவைக் கண்டுவிட்டு, "இதை நேரில பாக்க ஏலுமோ?" என்று கேட்கிறார்கள். ஏலும். ஓர்காக்கள் இலங்கைக் கடலுக்கும் வந்துபோகின்றன. ஆனால் அவை ஓரிடத்தில் தங்குவதில்லை, நாள் சொல்லி வருவதுமில்லை. ஆகவே நீலத்திமிங்கிலம், எண்ணெய்த் திமிங்கிலம், ஓங்கில் கூட்டம் ஆகியவற்றைப் பார்க்கவென்று பயணத்தைத் திட்டமிடுங்கள். ஓர்கா வந்தால் அடையாளம் காணவும் ஆயத்தமாக இருங்கள். கயாக்கில் போக ஆசையென்றால் அதைக் கரையோரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆழ்கடலுக்கு இயந்திரப் படகுதான். இந்த ஒழுங்கைக் கைக்கொண்டால் குடும்பமும் பாதுகாப்பாக வீடு திரும்பும், கடல் உயிர்களுக்கும் தொல்லை இராது.

திட்டமிடும்போது

1. கிட்டிய கரையை அல்ல, ஆழமான கரையைத் தெரியுங்கள். எங்களுக்குக் கிட்டிய கடல் பூநகரிப் பக்கமும் நாச்சிக்குடாப் பக்கமும்தான். ஆனால் பாக்கு நீரிணையும் அதை ஒட்டிய கடலும் ஆழம் குறைந்தவை. கடற்பசு மேயும் அந்தக் கடலில் பெருந்திமிங்கிலங்களைத் தேடிப் பயனில்லை. திருகோணமலையில் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று துறைமுக வாயிலுக்குக் கிட்டவே தொடங்குகிறது. கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே பெரும் ஆழம் வந்துவிடுவதால், மற்ற நாடுகளில் நாட்கணக்காகக் கடலோடித் தேடவேண்டிய திமிங்கிலங்களை இங்கே ஒரு காலைப் பொழுதில் காண வாய்ப்புண்டு. வன்னிக் குடும்பத்துக்கு ஏற்ற கரை திருமலைதான்.

2. மாதத்தைக் காற்றைப் பார்த்துக் குறியுங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும். சித்திரை பிறந்தபின் அது அடங்கும். திருமலையில் திமிங்கிலம் பார்க்க ஏப்ரல் முதல் ஓகஸ்ற் வரை நல்ல காலம். தெற்கே மிரிஸ்ஸவிலும் மேற்கே கற்பிட்டியிலும் காலம் நேர்மாறு: நவம்பர் முதல் ஏப்ரல் வரை. டிசெம்பர் விடுமுறையில் திருமலைக்குப் படகுப் பயணம் ஒழுங்கு செய்யாதீர்கள்.

3. வயலையும் கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். காலபோக அறுவடை முடிந்து சிறுபோக விதைப்புக்கு முன் கிடைக்கும் இடைவெளி சித்திரை விடுமுறையோடு பொருந்தி வரலாம். சிறுபோகம் செய்பவர்கள் ஓகஸ்ற் விடுமுறையைக் குறிக்குமுன் அறுவடை எப்போது வரும் என்று பார்க்கவேண்டும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகிறவர்கள் அந்தக் கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். நாள் குறித்தபின் அடுத்த நாளையும் வெறுமையாக விடுங்கள். கடல் ஒரு நாள் மறுத்தால் மறுநாள் போகலாம்.

4. பிள்ளைகளுக்கு ஓர்காவைப் பற்றி முன்னரே சொல்லிக் கொடுங்கள். ஓர்கா ஓங்கில் குடும்பத்தைச் சேர்ந்தது, அந்தக் குடும்பத்தில் மிகப் பெரியது. வளர்ந்த ஆணின் முதுகுச் செட்டை 1.8 மீட்டர் வரை உயரும், அதாவது ஒரு ஆள் உயரம். கூட்டத்தை வழிநடத்துவது மூத்த தாய். சில கூட்டங்கள் மீன் மட்டும் தின்னும், சில பெரிய திமிங்கிலங்களையே வேட்டையாடும். மிரிஸ்ஸவுக்கு அப்பால் ஓர்காக்கள் எண்ணெய்த் திமிங்கிலக் கூட்டத்தைத் தாக்கியது படமாக்கப்பட்டிருக்கிறது. 'கொலைத் திமிங்கிலம்' என்ற பெயரைக் கேட்டுப் பிள்ளைகள் பயப்படத் தேவையில்லை. கடலில் சுதந்திரமாக வாழும் ஓர்கா மனிதரைக் கொன்றதாகப் பதிவு இல்லை. என்றாலும் அது பலமுள்ள வேட்டை விலங்கு. எட்ட நின்று பார்ப்பதே முறை.

5. கயாக்கைக் கரையோரத்தில் பழகுங்கள், குளத்தில் வேண்டாம். "எங்கட குளத்திலயே ஓடிப் பழகலாம்" என்று இளைஞர் சொல்லக்கூடும். வன்னிக் குளங்களில் முதலை உண்டு, தாமரைக் கொடி துடுப்பில் சுற்றும், உதவிக்கு வேறு படகும் இராது. உப்புவெளி, நிலாவெளி போன்ற கடற்கரைகளில் கயாக் வாடகைக்குக் கிடைக்கும் இடத்தில், பழக்குநர் ஒருவருடன், இடுப்பளவு தண்ணீரில் தொடங்குங்கள். உள்ளே கால் நுழைத்து இருக்கும் வகையை விட, மேலே இருந்து ஓட்டும் வகை புதியவருக்கு நல்லது. கவிழ்ந்தால் உள்ளே அகப்படமாட்டீர்கள். முதலில் கவிழ்ந்து எழும்பப் பழகுங்கள். கவிழ்ந்தால் கயாக்கை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்தக்கூடாது; அதைப் பிடித்துக்கொண்டு விசில் ஊத வேண்டும்.

6. கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றை நம்பாதீர்கள். திருமலைக் கயாக் பயணத்தில் மிக முக்கியமான குறிப்பு இது. சோளகக் காலத்தில் காற்று பெரும்பாலும் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அதனால் கரையோரத் தண்ணீர் கண்ணாடிபோலத் தெரியும், அலை இராது, எல்லாம் சுகமாக இருக்கும். சிறிது தூரம் போனதும் காற்று பின்னாலிருந்து தள்ளும், போவது மிகவும் இலகுவாக இருக்கும். திரும்ப நினைக்கும்போதுதான் அந்தக் காற்றை எதிர்த்து ஓட்டவேண்டி வரும், கையும் சோர்ந்திருக்கும். ஆகவே விடியற்காலையில் இறங்குங்கள். கரையோடு ஒட்டி, முதலில் காற்றுக்கு எதிராக ஓட்டுங்கள். திரும்பி வரும்போது காற்று உதவட்டும். தென்னை ஓலை ஆடத் தொடங்கினால் கரையேறுங்கள். முதல்நாள் மாலை வளிமண்டலவியல் திணைக்களம் கடற்றொழிலாளருக்குத் தரும் அறிவித்தலைப் பாருங்கள். காலையில் கரையில் நிற்கும் கடற்றொழிலாளரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் படகு இறக்காத நாளில் நீங்களும் இறங்க வேண்டாம்.

படகும் பயணமும்

7. படகோட்டியிடம் கேட்கவேண்டிய கேள்விகள். விலை பேசுமுன் இவற்றைக் கேளுங்கள்: படகு பதிவு செய்ததா? எத்தனை பேரை ஏற்றுவீர்கள்? சிறுபிள்ளைக்கு அளவான உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா? எஞ்சின் நின்றுவிட்டால் என்ன ஒழுங்கு? கடல் மோசமானால் காசு திரும்ப வருமா? கடைசியாக, "திமிங்கிலம் கிட்ட வந்தால் எஞ்சினை என்ன செய்வீங்கள்?" என்று கேளுங்கள். "வேகத்தைக் குறைச்சு எட்ட நிப்பன்" என்பவரோடு போங்கள். "தொடுற தூரத்துக்குக் கொண்டுபோவன்" என்பவரைக் கும்பிட்டுவிட்டு அடுத்தவரிடம் போங்கள். புறாத்தீவையும் அதே நாளில் பார்ப்பதென்றால், அது தேசியப் பூங்கா, அனுமதிச்சீட்டு தனி. அந்தச் செலவையும் முன்னரே கணக்கில் சேருங்கள்.

8. உயிர்காப்புச் சட்டையைப் போட்டுப் பாருங்கள். சட்டையை மாட்டி எல்லாப் பட்டிகளையும் இறுக்கியபின், தோள்பகுதியைப் பிடித்து மேலே இழுங்கள். அது நாடிவரை ஏறினால் அளவு பெரிது. அப்படிப்பட்ட சட்டை தண்ணீரில் கழன்று மேலே போகும், பிள்ளை கீழே போகும். சிறுபிள்ளைகளுக்குக் கால்களுக்கிடையே வரும் பட்டி கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு சட்டையிலும் ஒரு விசில் கட்டுங்கள். நீச்சல் தெரிந்தவரும் போடவேண்டும். படகு ஓடும்போது அதை இருக்கைக்கு மெத்தையாக்கக்கூடாது.

9. முதல்நாளே திருமலைக்குப் போய்த் தங்குங்கள். திமிங்கிலப் படகுகள் விடியற்காலையிலேயே புறப்படும். அக்கராயனிலிருந்து முறிகண்டிக்கு வந்து, பிள்ளையாரைக் கும்பிட்டு, ஏ9 வீதியால் மாங்குளம், வவுனியா போய், ஹொரவப்பொத்தானை ஊடாகத் திருமலைக்குப் போகலாம். பஸ்ஸில் போகிறவர்கள் வவுனியாவில் மாறலாம். ஹொரவப்பொத்தானைப் பக்கம் யானைகள் நடமாடும் பகுதி. ஆகவே இருட்டுமுன் அந்த வீதியைக் கடந்துவிடும்படி புறப்படுங்கள். இரவிரவாக வான் ஓடிவந்து, நித்திரை இல்லாமல் படகில் ஏறுகிறவருக்குத்தான் முதலில் தலைசுற்றும்.

10. வீட்டில் ஒருவரிடம் விபரத்தை எழுதிக் கொடுங்கள். படகோட்டியின் பெயர், தொலைபேசி இலக்கம், படகு இலக்கம், தங்குமிடம், கரைக்குத் திரும்பும் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ஊரில் நிற்கும் உறவினரிடம் கொடுங்கள். சொன்ன நேரம் கடந்தும் தொடர்பு கிடைக்காவிட்டால் முதலில் தங்குமிடத்துக்கும் பிறகு பொலிஸ் அவசர இலக்கம் 119 இற்கும் அழைக்கும்படி சொல்லுங்கள். அம்புலன்ஸ் சேவை 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. இந்த மூன்றையும் எல்லோருடைய தொலைபேசியிலும் பதிந்து வையுங்கள்.

11. பருத்தி உடுப்பைக் குறையுங்கள். நனைந்த பருத்தி பாரமாகும், காயாது, காற்றுப் பட்டால் குளிரும். விளையாட்டுக்குப் போடும் மெல்லிய நீளக்கைச் சட்டையும் காற்சட்டையும் நல்லது. சேலையும் நீண்ட சால்வையும் படகுக்கு ஏற்றவை அல்ல. தொப்பிக்கு நாடி நாடா தையுங்கள், கண்ணாடிக்குக் கயிறு கட்டுங்கள். தங்கநகையைத் தங்குமிடத்திலும் கொண்டுபோய் வைக்காமல் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வெயில் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும். கழுத்தின் பின்புறமும் காதும் நாடியின் கீழ்ப்புறமும் எரியும். சூரியக் களிம்பு பூசும்போது அந்த இடங்களை மறக்காதீர்கள்.

12. வாந்தி வராமல் இருக்க முதல்நாளே தொடங்குங்கள். இராச்சாப்பாட்டில் எண்ணெயும் உறைப்பும் குறையட்டும். காலையில் வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், வயிறு முட்டச் சாப்பிடவும் வேண்டாம். ஒரு மணித்தியாலம் முன்பு இரண்டு இடியப்பமோ, கொஞ்சம் பாணோ, ஒரு வாழைப்பழமோ போதும். வாயில் போட இஞ்சித் துண்டும் மணக்கத் தேசிக்காயும் கொண்டுபோங்கள். மருந்து எடுப்பதென்றால் வைத்தியரிடமோ மருந்தகத்திலோ கேட்டு, கடலுக்கு இறங்குமுன் எடுக்கவேண்டும். வாந்தி தொடங்கியபின் விழுங்கிப் பயனில்லை. படகின் நடுவிலோ பின்பக்கமோ இருந்து தொடுவானத்தைப் பாருங்கள். தொலைபேசியைக் குனிந்து பார்ப்பவருக்குச் சீக்கிரம் குமட்டும். அலையில் படகு அடிக்கும்போது முன்பக்கம்தான் கூடத் தூக்கிப்போடும். கர்ப்பிணிகளும் முதுகு நோ உள்ளவர்களும் சிறிய படகைத் தவிர்க்கவேண்டும்.

13. சாப்பாட்டைப் பனையோலைப் பெட்டியில் கட்டுங்கள். புட்டை வாழையிலையில் கட்டலாம். பயற்றம் பணியாரம், வறுத்த கச்சான் போன்ற உலர்ந்த சாமான் கெடாது, கரைக்கு வந்ததும் பசிக்கு உதவும். ஒருவருக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீராவது வேண்டும். மெல்லிய பொலித்தீன் பைகளைப் படகுக்குக் கொண்டுபோகாதீர்கள். காற்றில் பறந்தால் எட்டிப் பிடிக்க முடியாது, திமிங்கிலமும் ஆமையும் அதை விழுங்கும். வாந்திக்கென்று கொண்டுபோகும் பையையும் கட்டிக் கரைக்கே கொண்டுவாருங்கள்.

14. கடலுக்குப் போக மனமில்லாதவரை வற்புறுத்தாதீர்கள். எங்கள் ஊர்களில் 2004 ஆழிப்பேரலையிலும் 2009 போரிலும் கடற்கரையில் உறவுகளை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடல் வெறும் சுற்றுலா இடம் அல்ல. "ஒருக்கா வந்து பாருங்கோ, பயம் போயிடும்" என்று இழுப்பது அன்பாகாது. அவர்கள் விரும்பினால் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். சுவாமி மலையின் அடியில் கடல் சடுதியாக ஆழமாவதால், நீலத்திமிங்கிலம் ஊதுவதை அங்கே தரையில் நின்றே காண்பது உண்டு. காலைப் பூசை முடிந்தபின், காற்று எழும்புமுன், ஒரு தொலைநோக்கியோடு நிழலில் இருக்கலாம். படகில் ஏறாதவர்களும் பயணத்தில் பங்காளிகளாவார்கள்.

கடலில் நிற்கும்போது

15. ஊதும் விதத்தைப் பார்த்து ஆளை அறியுங்கள். இதை ஒரு தாளில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்:
நீலத்திமிங்கிலம்: நேராக மேலெழும் உயரமான நீராவி, 9 மீட்டர் வரை போகலாம். முதுகுச் செட்டை மிகச் சிறியது, வெகு பின்னால் இருக்கும்.
எண்ணெய்த் திமிங்கிலம்: இடப்பக்கமாகவும் முன்பக்கமாகவும் சரிந்து ஊதும். மரக்குற்றிபோல மிதக்கும். வாலைத் தூக்கி அமிழ்ந்தால் முக்கால் மணித்தியாலம்கூட வராமல் இருக்கும். பொறுத்திருங்கள்.
சுழல் ஓங்கில்: துள்ளி, காற்றில் சுழன்று விழும்.
குண்டுத்தலைக் கறுப்புத் திமிங்கிலம்: உருண்டைத் தலை, அகன்று வளைந்த பதிந்த செட்டை.
ஓர்கா: கறுப்பு உடல், கண்ணுக்குப் பின் முட்டை வடிவ வெள்ளைத் திட்டு, நிமிர்ந்த செட்டை, செட்டைக்குப் பின் சாம்பல் நிறச் சேணம். வெள்ளைத் திட்டைக் காணாமல் "ஓர்கா" என்று முடிவு கட்டாதீர்கள்.

16. 100 மீட்டரை மறக்காதீர்கள். திமிங்கிலம் பார்க்கும் படகுகளுக்கு இலங்கையில் 2012 முதல் விதிமுறை உண்டு. திமிங்கிலத்துக்கு 100 மீட்டருக்குள் படகைக் கொண்டுபோகக்கூடாது. எதிரே மறிக்காமல், பின்னால் துரத்தாமல், பக்கவாட்டில் மெதுவாகப் போகவேண்டும். தாய்க்கும் குட்டிக்கும் நடுவே ஒருபோதும் நுழையக்கூடாது. திமிங்கிலங்கள் ஒலியால்தான் ஒன்றையொன்று அறிகின்றன. எண்ணெய்த் திமிங்கிலமும் ஓங்கில்களும் இரையைத் தேடுவதும் ஒலியால்தான். நான்கைந்து எஞ்சின்கள் சூழ்ந்து இரைந்தால் அவை இரையை விட்டுவிட்டு விலகும். வட இந்து சமுத்திரத்து நீலத்திமிங்கிலங்கள் மற்ற இடத்து நீலத்திமிங்கிலங்களைப்போல் குளிர்கடலுக்குப் போய்வராமல் இந்த வெப்பக்கடலிலேயே தங்குபவை என்பதை எங்கள் நாட்டு ஆய்வாளர் ஆஷா டி வொஸ் உலகுக்கு எடுத்துக்காட்டினார். இங்கே குழப்பினால் அவற்றுக்குப் போக வேறு வீடு இல்லை. படகோட்டி கிட்டப் போக முயன்றால் "வேண்டாம் அண்ணை, இஞ்சயே நிப்பம்" என்று சொல்லுங்கள். கிட்டப் போனால்தான் இவர்களுக்குச் சந்தோசம் என்று நினைத்தே பலர் விரட்டுகிறார்கள். காசு கொடுப்பவர் சொன்னால் கேட்பார்கள்.

17. கயாக்கில் இருக்கும்போது ஓங்கில் வந்தால். துடுப்பை மடியில் வையுங்கள். எல்லாக் கயாக்குகளும் ஒன்றோடொன்று பக்கமாக ஒட்டி நில்லுங்கள். சிதறி நின்றால் அவற்றின் வழியை மறித்தவர்களாவீர்கள். கைதட்டவோ, தண்ணீரை அடிக்கவோ, குதிக்கவோ வேண்டாம். அவை தாமாகக் கிட்ட வந்தால் அப்படியே இருங்கள், போனால் பின்தொடராதீர்கள். கயாக்கில் எஞ்சின் சத்தம் இல்லாதது நல்லதுதான், ஆனால் அதனாலேயே நீங்கள் வருவதை அவை உணராமல் சடுதியாக முகம்கொடுக்கவும் கூடும்.

திரும்பி வந்தபின்னும், இன்னும் தூரம் போகவும்

18. கரையொதுங்கிய உயிரைக் கண்டால். 2020 நவம்பரில் பாணந்துறைக் கரையில் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுத்தலைத் திமிங்கிலங்கள் ஒதுங்கின. கடற்படையினரும் ஊர்மக்களும் இரவிரவாகத் தண்ணீரில் நின்று பெரும்பாலானவற்றைக் கடலுக்கு அனுப்பினார்கள். நீங்கள் கண்டால் முதலில் பொலிசுக்கும் வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் அறிவியுங்கள். ஆட்கள் வரும்வரை உடலில் நனைத்த துணி போட்டுத் தண்ணீர் ஊற்றலாம். உச்சியிலுள்ள மூச்சுத் துவாரத்தை மூடக்கூடாது, அதற்குள் தண்ணீரும் போகக்கூடாது. வாலையோ செட்டையையோ பிடித்து இழுக்காதீர்கள். வால் பக்கம் பிள்ளைகளை நிற்கவிடாதீர்கள்.

19. ஓர்காவையும் கயாக்கையும் ஒன்றாகத் தேடுவோர், கனடாவில் உறவு இருந்தால். அங்கே போகிறவர்கள் ரொறன்ரோவோடு நின்றுவிடுவதுண்டு. ஓர்காவைக் கயாக்கிலிருந்து பார்க்கப் பேர்போன இடம் மேற்குக் கரையில், வன்கூவர் தீவின் வடகிழக்கே உள்ள ஜோன்ஸ்ரன் நீரிணை. யூலை முதல் செப்ரெம்பர் வரை, சமன் மீன் வரும் காலத்தில் ஓர்காக் குடும்பங்களும் அங்கே வருகின்றன. கூழாங்கல் கரையில் அவை உடலை உரசும் ரொப்சன் பைற் பகுதி 1982 முதல் காப்பிடம். உள்ளே படகு போகக்கூடாது. அந்தக் கரையில் ஓர்காவுக்குக் குறைந்தது 200 மீட்டர் விலகியிருக்கவேண்டும், சில கூட்டங்களுக்கு அதைவிடக் கூட. தண்ணீர் கடுங்குளிர். விழுந்தால் சில நிமிடங்களில் கை விறைத்துவிடும். ஆகவே குளிர்காப்பு உடையும் வழிகாட்டியும் இல்லாமல் இறங்கவே கூடாது.

20. உப்பைக் கழுவுங்கள், கண்டதை எழுதுங்கள். அன்று மாலையே உயிர்காப்புச் சட்டை, செருப்பு, தொப்பி, உடுப்பு எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். கமராவையும் தொலைபேசியையும் ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். அது முடிந்ததும் பிள்ளைகளை இருத்தி, நாள், நேரம், இடம், எத்தனை கண்டது, எந்தத் திசையில் போனது என்று ஒரு கொப்பியில் எழுதச் செய்யுங்கள். ஓர்காவைக் கண்டிருந்தால் முதுகுச் செட்டையும் அதன் பின்னுள்ள சாம்பல் சேணமும் தெளிவாகத் தெரியும் படங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். கனடாவில் 1970களில் மைக்கல் பிக் என்ற ஆய்வாளர் இத்தகைய படங்களைக் கொண்டுதான் ஒவ்வொரு ஓர்காவையும் தனித்தனி ஆளாக அடையாளம் கண்டார். எங்கள் கடலில் அதே வேலையை 'ஓர்கா புரொஜெக்ற் ஸ்ரீலங்கா' செய்துவருகிறது. பயணிகளும் படகோட்டிகளும் எடுக்கும் படங்கள்தான் அதற்கு ஆதாரம். அவர்களுக்கு உங்கள் படத்தை அனுப்புங்கள். கடலில்லாத அக்கராயனிலிருந்து போன ஒரு பிள்ளையின் படம், அந்த ஓர்கா எங்கே போகிறது, எப்போது திரும்புகிறது என்று அறிய உதவும்.